ஆச்சியின் கைக்கு ஒரு கண்ணாடி... முக்கூடல் திண்ணையில் ஒரு மூளைப் பாடம்!

முக்கூடலில் ஒரு வீட்டுத் திண்ணை. காலை எட்டு மணி. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார் ஆச்சி. முன்னால் ஒரு சின்ன ஸ்டூல். அதன் நடுவில், பழைய துணியைச் சுருட்டி முட்டுக்கொடுத்து, முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று நெட்டுக்குத்தாக நிற்கிறது. கண்ணாடிக்கு முன்பக்கம் ஆச்சியின் இடது கை. பின்பக்கம், அவர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், வலது கை.

“ஆச்சி, கண்ணாடிக்குள்ள மட்டும் பாரு. வேற எங்கயும் பாக்காத.”

“என்னத்தட்டி பாக்கச் சொல்லுத? என் மொகரையையா?”

“மொகத்த இல்ல ஆச்சி... கைய. எடது கைய மெதுவா மடக்கி விரி.”

ஆச்சி மடக்குகிறார். விரிக்கிறார். கண்ணாடிக்குள் தெரியும் கையும் மடங்கி விரிகிறது. பார்ப்பதற்கு அது வலது கை. எட்டு மாதங்களாக அசையாமல் கிடக்கும் அதே வலது கை. ஆச்சியின் முகம் மாறுகிறது.

“ஏட்டி... இது எங் கையாட்டி?”

பேத்தி பதில் சொல்லவில்லை. மடியில் இருக்கும் நோட்டில் தேதியையும் நேரத்தையும் எழுதிக்கொள்கிறாள்.

பீடி சுற்றிய கை

தாமிரபரணிக் கரையில் இருக்கும் பேரூராட்சி முக்கூடல். ஆற்றங்கரை முத்துமாலை அம்மனும் பீடியும்தான் வெளியூர்க்காரர்களுக்கு இந்த ஊரின் அடையாளம். மதிய நேரத்தில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் திண்ணையிலோ வாசல் நடையிலோ பெண்கள் சொளவை மடியில் வைத்து உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். நனைத்து ஈரத்துணியில் சுற்றிவைத்த இலை, அளவுக்கு வெட்டும் கத்தரி, ஒரு சிட்டிகை தூள், ஒரு உருட்டு, ஒரு மடக்கு, ஒரு சுற்று நூல். அவ்வளவுதான் ஒரு பீடி. பேச்சு ஒரு பக்கம் போகும், டி.வி சீரியல் ஒரு பக்கம் ஓடும். கை மட்டும் நிற்காது.

அப்படி நிற்காத கைதான் ஆச்சியுடையது. பத்து வயதில் தன் அம்மாவுக்கு இலை வெட்டிக் கொடுக்க ஆரம்பித்தவர். பிறகு ஒரு நாளைக்கு ஆயிரம் பீடி. அந்தக் கூலியில்தான் மகளை வளர்த்தார். மகளும் பீடி சுற்றித்தான் தன் மகளைப் படிக்க வைத்தார். அந்தப் பேத்தி அரசுப் பள்ளியில் படித்து, தமிழக அரசு 2020-ல் கொண்டுவந்த 7.5 சதவிகித உள் ஒதுக்கீட்டில் இடம் கிடைத்து, இப்போது எம்.பி.பி.எஸ் மூன்றாம் ஆண்டு மாணவி.

எட்டு மாதங்களுக்கு முன் ஒரு விடியற்காலையில் ஆச்சிக்கு வாய் ஒரு பக்கம் கோணியது. பேச்சு குழறியது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பக்கவாதம். ஆஸ்பத்திரி, ஊசி, மாத்திரை, பிசியோதெரபி என்று நாள்கள் போக, கால் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். கைதான் வரவில்லை.

பிசியோதெரபிஸ்ட் ஒருநாள், “வழக்கமான பயிற்சியோட சேர்த்து கண்ணாடி வெச்சும் செஞ்சு பாருங்க” என்றார். செய்முறையும் காட்டிக்கொடுத்தார். அம்மாவுக்கு நம்பிக்கை இல்லை. “கண்ணாடியப் பாத்தா கை வந்துருமாக்கும்!” என்று முணுமுணுத்தார். பேத்திக்கு மட்டும், இதை முதலில் யோசித்தது யார் என்று தெரிந்துகொள்ள ஆசை. தேடிப் போனபோது கிடைத்த பெயர், விளையனூர் எஸ்.ராமச்சந்திரன். தமிழ்நாட்டுக்காரர். இன்னொரு தகவல் அவளை நிமிர்ந்து உட்கார வைத்தது. மூளை ஆராய்ச்சியில் அவர் முதல் அடி எடுத்து வைத்தபோது, அவளைப் போலவே எம்.பி.பி.எஸ் மாணவர்!

ஸ்டான்லி மாணவனின் கேள்வி

ராமச்சந்திரன் பிறந்தது 1951-ம் ஆண்டு. அரசியல் சட்ட வரைவுக் குழுவில் இருந்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரின் பேரன். அப்பா ஐ.நா அமைப்பில் வேலை பார்த்த பொறியாளர் என்பதால், பள்ளிப் படிப்பின் ஒரு பகுதி பாங்காக்கில் நடந்தது. சிறு வயதிலேயே சிப்பி, சங்கு, புதைபடிவம் என்று சேகரிக்கும் ஆர்வம். விஞ்ஞானி ஆக வேண்டும் என்பதுதான் கனவு.

ஆனால், அப்பா மருத்துவம் படிக்கச் சொன்னார். அதற்கு அவர் சொன்ன காரணத்தை ராமச்சந்திரன் தன் புத்தகத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். சுமாரான டாக்டராக இருந்தாலும் பிழைத்துக்கொள்ளலாம். சுமாரான விஞ்ஞானி என்று ஒருவர் இருக்க முடியாது என்பதே அதன் சாரம். இந்தப் பகுதியைப் படித்தபோது பேத்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முக்கூடல் வீட்டில் அம்மா கேட்பதும் இதைத்தானே!

“டாக்டருக்குப் படிச்சிட்டு ஊசி போட மாட்டாளாம், மருந்து எழுத மாட்டாளாம். மூளையப் பத்தி ஆராய்ச்சி பண்ணப் போறாளாம். அது சோறு போடுமாட்டி?”

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார் ராமச்சந்திரன். அங்கே படிக்கும்போது அவரைப் பிடித்துக்கொண்ட விஷயம், பார்வை. நமக்கு இரண்டு கண்கள். இரண்டும் ஒரே பொருளைக் கொஞ்சம் வெவ்வேறு கோணத்தில் பார்க்கின்றன. சந்தேகம் இருந்தால், ஒரு விரலை மூக்குக்கு நேராக நீட்டி, இடது கண்ணையும் வலது கண்ணையும் மாறி மாறி மூடிப் பாருங்கள். விரல் இடம் மாறித் தாவும். இந்த இரண்டு படங்களின் வித்தியாசத்தை வைத்துத்தான் எது பக்கம், எது தூரம் என்று மூளை கணக்குப் போடுகிறது.

சரி, ஒரு கண்ணுக்கு ஒரு நிறக் கண்ணாடியும் இன்னொரு கண்ணுக்கு வேறு நிறக் கண்ணாடியும் போட்டுவிட்டால்? இரண்டு நிறங்களும் மூளைக்குள் சண்டை போடும். சில நொடி ஒரு நிறம், சில நொடி மற்றது என்று மாறி மாறித் தெரியும். அந்தச் சண்டை நடக்கும்போது, தூரத்தைக் கணக்கிடும் வேலை நின்றுபோகுமா? வெறும் புள்ளிகளால் ஆன படங்களை வைத்துச் சோதித்துப் பார்த்தார். நின்றுபோகவில்லை! நிறம் சண்டையில் இருக்கும்போதே ஆழம் தெளிவாகத் தெரிந்தது. அதாவது, நிறத்தைப் பார்க்கும் வேலையும் தூரத்தைப் பார்க்கும் வேலையும் மூளைக்குள் ஓரளவு தனித்தனியாக நடக்கின்றன.

இந்தக் கட்டுரை, இன்னொருவருடன் சேர்ந்து எழுதி, 1972-ல் இங்கிலாந்தின் ‘நேச்சர்’ இதழில் வெளியானது. அறிவியல் உலகின் மிகப் பெரிய இதழ்களில் ஒன்று அது. அப்போது ராமச்சந்திரனுக்கு வயது 20. சோதனைக்குத் தேவைப்பட்டவை புள்ளிப் படங்கள், நிறக் கண்ணாடிகள், பார்ப்பதற்கு இரண்டு கண்கள்!

பணியாரக்கல் சொல்லும் ரகசியம்

ஸ்டான்லிக்குப் பிறகு கேம்பிரிட்ஜ். டிரினிட்டி கல்லூரியில் 1978-ல் பிஎச்.டி பட்டம். பிறகு அமெரிக்காவின் கால்டெக்கில் சில காலம் ஆராய்ச்சி. 1983-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் உளவியல் துறை உதவிப் பேராசிரியர். மருத்துவம் படித்தவர் உளவியல் துறைக்குப் போனது பலருக்கு விசித்திரமாகத் தெரியலாம். அவர் கேள்வி மட்டும் மாறவே இல்லை. கண்ணுக்குள் வருவது வெறும் வெளிச்சம். அதை வைத்து மூளை எப்படி ஓர் உலகத்தைக் கட்டுகிறது?

1988-ல் அவர் வெளியிட்ட ஓர் ஆய்வை நம் வீட்டு அடுப்படியிலேயே சோதித்துப் பார்க்கலாம். பணியாரக்கல்லை மேலிருந்து வெளிச்சம் விழும்படி நிறுத்தி, நேர் எதிரே நின்று செல்போனில் ஒரு படம் எடுங்கள். படத்தில் குழிகள் குழிகளாகவே தெரியும். இப்போது அந்தப் படத்தைத் தலைகீழாகத் திருப்புங்கள். பல நேரங்களில் குழிகள் எல்லாம் மேடாக, கவிழ்த்துவைத்த கிண்ணங்களைப் போலத் தோன்றும்! காரணம், வெளிச்சம் எப்போதும் மேலிருந்துதான் வரும் என்று மூளை தானாகவே எடுத்துக்கொள்கிறது. லட்சக்கணக்கான வருடங்களாகச் சூரியன் தலைக்கு மேல்தானே இருக்கிறது? மேல் பக்கம் நிழலாக இருந்தால் குழி, கீழ் பக்கம் நிழலாக இருந்தால் மேடு என்று மூளை முடிவெடுத்துவிடுகிறது.

பேத்தி இதை அம்மாவிடம் செய்து காட்டினாள். அம்மா செல்போனை இப்படியும் அப்படியுமாக நாலு தடவை திருப்பிப் பார்த்தார். “கண்ணு பொய் சொல்லுதுன்னு சொல்லு” என்றார்.

“கண்ணு இல்லம்மா. மூள ஊகம் பண்ணுது. முக்காவாசி நேரம் அந்த ஊகம் சரியாத்தான் இருக்கும்.”

நாம் பார்ப்பது அப்படியே உள்ளதைப் பார்ப்பது இல்லை, மூளையின் சிறந்த ஊகம் என்பதுதான் ராமச்சந்திரனின் ஆரம்பகால ஆய்வுகளின் அடிநாதம். பார்வைக்கு இது பொருந்தும் என்றால், நம் சொந்த உடம்புக்கும் பொருந்துமா? இந்தக் கேள்விதான் அவரை வெட்டுப்பட்ட கைகளிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது.

இல்லாத கையில் வலி

கையையோ காலையோ இழந்தவர்களில் பெரும்பாலானோருக்கு அந்த உறுப்பு இன்னும் இருப்பதுபோலவே தோன்றும். ஆங்கிலத்தில் ‘ஃபேண்டம் லிம்ப்’ என்பார்கள். மாயக் கை, மாயக் கால். சிலருக்கு அது வெறும் உணர்வு. பலருக்கு அதில் கடும் வலியும் இருக்கும். இல்லாத கையின் விரல்கள் இறுக மூடி, நகம் உள்ளங்கையில் குத்துவதுபோல இருக்கும். திறக்கலாம் என்றால், திறப்பதற்குக் கை இல்லை! 1797-ல் போரில் வலது கையை இழந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனுக்கும் இந்த அனுபவம் இருந்தது. ஆன்மா இருப்பதற்கு இதுவே சாட்சி என்று அவர் நம்பினார்.

விளக்கம் மூளையின் வரைபடத்தில் இருந்தது. கனடாவின் நரம்பியல் அறுவைசிகிச்சை நிபுணர் வில்டர் பென்ஃபீல்டு, மூளையின் மேற்பரப்பில் உடம்பின் வரைபடமே இருப்பதை 1930-களில் காட்டியிருந்தார். அந்த வரைபடம் உடம்பின் அளவுக்கு ஏற்ப இருக்காது. முதுகுக்குக் கொஞ்சம் இடம், விரல்களுக்கும் உதட்டுக்கும் ஏராளமான இடம். நுணுக்கமான வேலை எதுவோ அதற்கே இடம் அதிகம். 1995-ல் வெளியான ஓர் ஆய்வு, வயலின் போன்ற தந்தி வாத்தியம் வாசிப்பவர்களின் மூளையில் இடது கை விரல்களுக்கான பகுதி மற்றவர்களைவிடப் பெரிதாக இருப்பதைக் கண்டது. கை செய்யும் வேலை மூளையையே மாற்றுகிறது.

பென்ஃபீல்டின் வரைபடத்தில் இன்னொரு விசித்திரம், கைக்குப் பக்கத்து வீடு முகம்! உடம்பில் இரண்டுக்கும் நடுவே தோளும் கழுத்தும் இருக்கின்றன. மூளையிலோ இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

1991-ல் குரங்குகளிடம் நடந்த ஓர் ஆய்வு வெளியானது. கையிலிருந்து நரம்புத் தகவல் வருவது நின்ற பிறகு, மூளையில் அந்தக் கைக்கான பகுதி சும்மா இருக்கவில்லை. முகத்தைத் தொட்டால் அது வேலை செய்தது. காலி மனையைப் பக்கத்து வீட்டுக்காரர் வளைத்துப்போட்ட கதைதான். இதைப் படித்த ராமச்சந்திரனுக்குப் பொறி தட்டியது. மனிதர்களுக்கும் இப்படி நடந்தால், அவர்கள் என்ன உணர்வார்கள்? குரங்கிடம் கேட்க முடியாது. மனிதரிடம் கேட்கலாமே!

விபத்தில் கையை இழந்த ஒரு பதின்வயது இளைஞரின் கண்ணைக் கட்டி, காது குடையும் பஞ்சுக் குச்சியால் கன்னத்தைத் தொட்டார். “என்ன தெரிகிறது?” கன்னத்தில் தொடுவது தெரிகிறது, கூடவே இல்லாத கையின் விரலிலும் தொடுவதுபோல இருக்கிறது என்றார் அந்த இளைஞர். முகத்தின் வெவ்வேறு இடங்களைத் தொட, மாயக் கையின் வெவ்வேறு பகுதிகள் விழித்துக்கொண்டன. வளர்ந்த மனிதரின் மூளை வரைபடம் மாறவே மாறாது என்று அதுவரை பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தன. அந்த நம்பிக்கையை அசைத்துப் பார்த்தது ஒரு பஞ்சுக் குச்சி.

பெட்டிக்குள் ஒரு கண்ணாடி

மாயக் கை சிலருக்கு ஏன் அசையாமல் இறுகிக் கிடக்கிறது? ராமச்சந்திரனின் ஊகம் இது. அவர்களில் பலருக்குக் கையை வெட்டி எடுப்பதற்கு முன்பே அது செயலிழந்திருந்தது. ‘அசை’ என்று மூளை உத்தரவு போடும். ‘அசையவில்லை’ என்று கண் பதில் சொல்லும். மாதக்கணக்கில் இதே பதில் வந்தால், ‘இந்தக் கை அசையாது’ என்று மூளை கற்றுக்கொண்டுவிடும். கை போன பிறகும் அந்தப் பாடம் மறக்காது.

கற்றதை எப்படி மறக்கவைப்பது? ‘அசைகிறது’ என்று ஒரே ஒரு தடவையாவது கண் பதில் சொல்ல வேண்டும். ஓர் அட்டைப் பெட்டியின் நடுவில் கண்ணாடியை நிறுத்தினார். இருக்கும் கையைக் கண்ணாடிக்கு முன்னால் நீட்டச் சொன்னார். அதன் பிம்பம், இல்லாத கை இருக்க வேண்டிய இடத்தில் தெரிந்தது. நல்ல கையை அசைத்தபோது, இழந்த கை உயிர்பெற்று அசைவதைக் கண்டார்கள் நோயாளிகள். சிலருக்குப் பல வருடங்களாக இறுகியிருந்த மாய விரல்கள் அந்த நிமிடமே திறந்தன. 1996-ல் இந்த ஆய்வு கட்டுரையாக வந்தது.

அடுத்த அடிதான் ஆச்சியின் திண்ணைக்கு நேராக வருகிறது. பக்கவாதத்தில் கை இருக்கிறது, நரம்பும் தசையும் இருக்கின்றன. மூளையில் ஒரு பகுதி சேதமாகியிருக்கிறது. ஆனால், செயலிழப்பில் ஒரு பங்காவது ‘அசையாது’ என்று மூளை கற்றுக்கொண்டதால் வந்ததாக இருந்தால்? ராமச்சந்திரனும் சக ஆய்வாளர்களும் பக்கவாதம் வந்த ஒன்பது பேரிடம் கண்ணாடிப் பயிற்சியைச் சோதித்து, 1999-ல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் எழுதினார்கள். ஒன்பது பேர் என்பது சின்னக் கணக்குதான். பிறகு உலகின் பல நாடுகளில் சோதனைகள் நடந்தன. 2018-ல் ‘காக்ரேன்’ அமைப்பு 62 ஆய்வுகளை, மொத்தம் 1,982 நோயாளிகளை, ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தது. வழக்கமான சிகிச்சையோடு சேர்த்துச் செய்யும்போது, கை கால் இயக்கத்திலும் அன்றாட வேலைகளிலும் கண்ணாடிப் பயிற்சி ஓரளவு உதவுகிறது என்பதே முடிவு.

‘ஓரளவு’ என்ற சொல்லைப் பேத்தி நோட்டில் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறாள். எல்லாருக்கும் உதவாது. மருந்துக்கும் பிசியோதெரபிக்கும் மாற்று இல்லை. யாருக்கு, எப்போது, எவ்வளவு நேரம் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், முகம் கோணுவது, கை துவண்டு விழுவது, பேச்சு குழறுவது என்று எது தெரிந்தாலும் உடனே 108-ஐ அழைப்பது. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நான்கரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். கை தேய்த்துவிட்டுப் பார்ப்போம், விடியட்டும் போகலாம் என்று கழியும் ஒவ்வொரு நிமிடமும் மூளைக்கு நஷ்டம்.

எல்லா ஊகமும் பலிக்காது

ராமச்சந்திரனுக்கு 2007-ல் பத்மபூஷண் விருது கிடைத்தது. 2003-ல் பி.பி.சி-யின் புகழ்பெற்ற ‘ரீத்’ சொற்பொழிவுகளை நிகழ்த்தினார். அதற்காக அவர் சொன்னது எல்லாம் சரி என்று ஆகிவிடாது. பிறர் செய்வதைப் பார்க்கும்போதே நம் மூளையில் துடிக்கும் ‘கண்ணாடி நியூரான்’கள்தான் மனித நாகரிகத்துக்கே திறவுகோல் என்ற அளவுக்கு அவர் நம்பிக்கை வைத்தார். அவற்றின் குறைபாடுதான் ஆட்டிசத்துக்குக் காரணமாக இருக்கலாம் என்றும் சொன்னார். பின்னர் வந்த ஆய்வுகள் அந்தக் கருத்துக்குப் போதிய வலு சேர்க்கவில்லை. பல விஞ்ஞானிகள் கடுமையாக விமர்சித்தார்கள். மாயக் கை வலிக்குக் கண்ணாடி எவ்வளவு தூரம் உதவுகிறது என்பதிலும் முடிவுகள் ஆளுக்கு ஆள் மாறுகின்றன.

இன்னொன்றையும் பேத்தி மறைக்காமல் சொல்வாள். “அவுகளுக்குப் பாங்காக்குல பள்ளிக்கூடம், தாத்தா பெரிய வக்கீலு. நமக்கு அதெல்லாம் கெடயாது.” உண்மைதான். 20 வயதில் ‘நேச்சர்’ இதழுக்குக் கட்டுரை அனுப்பலாம் என்று தோன்றுவதற்கே ஒரு வீட்டுச் சூழல் வேண்டும். ஆங்கிலத்தில் தயங்காமல் எழுத வேண்டும். ‘அனுப்பு, பார்க்கலாம்’ என்று சொல்ல ஒருவர் வேண்டும். முதல் வருடம் பாடப்புத்தகத்தின் ஒவ்வொரு வரிக்கும் அகராதியைப் புரட்டிய பெண்ணுக்கு அந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

ஆனால், அவர் கையாண்ட பொருள்களைப் பாருங்கள். நிறக் கண்ணாடி, பஞ்சுக் குச்சி, அட்டைப் பெட்டி, முகம் பார்க்கும் கண்ணாடி. இதில் எதுவும் முக்கூடல் கடைத்தெருவில் கிடைக்காத பொருள் இல்லை. மனிதர்களும் அப்படித்தான். கூர்மையான வடிவம் ஒன்று, வளைவான வடிவம் ஒன்று. இதில் எது ‘கிகி’, எது ‘பூபா’ என்று அவரும் எட்வர்டு ஹப்பர்டும் 2001-ல் கேட்டது, அமெரிக்க மாணவர்களிடமும் நம் தமிழர்களிடமும்தான்! இரு நாட்டிலும் பெரும்பாலானோர் கூர்மையானதைக் கிகி என்றும் வளைவானதைப் பூபா என்றும் சொன்னார்கள். கேள்வி சரியாக இருந்தால், பதில் பக்கத்துத் தெருவிலும் இருக்கலாம்.

சோறு போடுமா?

அம்மாவின் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியாது. வீட்டில் ஆச்சியின் கூலி நின்றுவிட்டது. அம்மா ஒருவர்தான் இப்போது பீடி சுற்றுகிறார்.

இந்தியாவிலேயே மூளை ஆராய்ச்சிக்கு இன்று இடங்கள் இருக்கின்றன. பெங்களூரில் நிம்ஹான்ஸ், இந்திய அறிவியல் கழகத்தின் நரம்பியல் மையம், ஹரியானாவின் மானேசரில் தேசிய மூளை ஆராய்ச்சி மையம். சென்னை ஐ.ஐ.டி-யில் 2022-ல் தொடங்கிய சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், கருவில் இருக்கும் குழந்தையின் மூளையை 5,132 நுண் துண்டுகளாகப் படம்பிடித்து, 2024 டிசம்பரில் உலக விஞ்ஞானிகள் எல்லாருக்கும் திறந்துவைத்தது. எம்.பி.பி.எஸ் முடித்தவர்கள் பிஎச்.டி சேரவும் வழி உண்டு. படிக்கும்போதே இரண்டு மாத ஆராய்ச்சி செய்து பார்க்க, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் மாணவர்களுக்கென்றே ஒரு திட்டம் வைத்திருக்கிறது.

பேத்தி அம்மாவிடம் இதில் ஒன்றே ஒன்றைத்தான் சொன்னாள். “ஜே.ஆர்.எஃப்-னு ஒண்ணு இருக்கும்மா. 2023-ல இருந்து மாசம் 37,000 ரூவா. ரெண்டு வருஷம் கழிச்சு 42,000.”

அம்மா சுற்றிக்கொண்டிருந்த பீடியை நிறுத்தினார். “படிக்கதுக்கா?”

“ஆமாம்மா. படிக்கதுக்குத்தான்.”

“அது எல்லாருக்கும் குடுப்பாவளா?”

“பரீட்ச எழுதணும். எல்லாருக்கும் கெடைக்காது. சில மாசம் லேட்டாவும் வருமாம்.”

அம்மா மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. நூலைச் சுற்றி முடித்து, பீடியைக் கட்டில் சேர்த்தார். 25 ஆனதும் அடுத்த கட்டு.

நோட்டில் ஒரு கேள்விக்குறி

கண்ணாடிப் பயிற்சி ஆரம்பித்து ஆறாவது வாரம். விடுமுறைக்கு மட்டும்தான் பேத்தி ஊருக்கு வருகிறாள். மற்ற நாள்களில் கண்ணாடியைத் துடைத்து நிறுத்துவது அம்மா வேலை. முதல் வாரம் அலுப்போடு செய்தவர், இப்போது கடிகாரம் பார்த்துச் செய்கிறார்.

“நீ என்ன அசைப்பு வேணும்னாலும் பண்ணச் சொல்லு. எனக்குத் தெரிஞ்ச வேலயத்தான் பண்ணுவேன்” என்று ஆச்சி ஒருநாள் முறுக்கிக்கொண்டார். அன்றிலிருந்து பயிற்சி மாறியது. ஆச்சியின் இடது கையில் ஒரு பீடி இலையைக் கொடுத்தார்கள். தூள் இல்லாமல், இலை மட்டும். அதை உருட்டுகிறார். கண்ணாடிக்குள் ஐம்பது வருடப் பழக்கமுள்ள வலது கை உருட்டுகிறது. பின்னால், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், நிஜமான வலது கையும் உருட்ட முயல வேண்டும். அதுதான் பாடம்.

போன ஞாயிற்றுக்கிழமை. ஆச்சி இலையை உருட்டிக்கொண்டிருந்தார். பேத்தி கண்ணாடிக்குப் பின்பக்கம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் அசையவே இல்லை. பிறகு, “எம்மா... இங்க வா” என்றாள்.

அம்மா வந்து குனிந்தார். வலது கட்டைவிரல். உள்ளங்கையை நோக்கி ஒரு நெல் அளவு நகர்ந்ததுபோல இருந்தது. நகர்ந்ததா, நடுங்கியதா? மறுபடி செய்யச் சொன்னார்கள். வரவில்லை. மறுபடி. வந்ததுபோல இருந்தது.

“வந்துட்டுல்லா!” என்றார் அம்மா.

“அவசரப்படாதம்மா. பிசியோவும் போய்க்கிட்டுத்தான் இருக்கு. எதுனால வந்ததுன்னு தெரியாது. வந்ததான்னே இன்னும் தெரியாது.”

ஆச்சிக்கு இவர்கள் பேச்சு எதுவும் காதில் விழவில்லை. கண்ணாடிக்குள் பார்த்து உருட்டிக்கொண்டே இருந்தார். பேத்தி நோட்டைத் திறந்தாள். தேதி எழுதினாள். ‘22 நிமிடம்’ என்று எழுதினாள். பக்கத்தில், ‘வலது கட்டைவிரல்’ என்று எழுதி, கொஞ்சம் யோசித்து, ஒரு கேள்விக்குறி போட்டாள்.

சாயங்காலம் திருநெல்வேலி பஸ்ஸுக்கு அவள் கிளம்பினாள். நோட்டைப் பையில் எடுத்துவைக்கப் போனபோது, அம்மா கை நீட்டினார்.

“அத வெச்சிட்டுப் போட்டி. நாளைக்கு யாரு எழுதுவா?”